முகாமுக்குப் போன பம்பு

என் வீட்டுக்காரரின் அக்கா வெறுங்கையோடு வந்தால் எனக்குப் பயமில்லை. கையில் ஏதாவது கொண்டுவந்தால்தான் உஷாராகிவிடுவேன். அந்தக் கோடையில் அண்ணி ஒரு டப்பா நிறைய ரவை லட்டோடு வந்தார். என் மகள் இரண்டாவது லட்டுக்குக் கை நீட்டும்போது விஷயம் வெளியே வந்தது.

"எங்க சபைல புள்ளைங்களுக்கு கோடை முகாம் போடறாங்கமே. ஏலகிரில. ஒரு வாரம். நானும் சமையலுக்கு ஒத்தாசையா போறேன். பாப்பாவ அனுப்பு."

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? லட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். நான் ராயபுரத்தில் பிறந்து, எர்ணாவூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அண்ணியும் பிறப்பால் எங்களைப் போலத்தான். சில வருடங்களுக்கு முன்னால் கோயிலை விட்டுவிட்டு, திருவொற்றியூரில் ஒரு கட்டடத்தின் மாடியில் நடக்கும் சபைக்குப் போகத் தொடங்கினார். அங்கே மாதா வணக்கம் கிடையாது, போன வேகத்தில் வீட்டுச் சுவரிலிருந்த மாதா படத்தைக் கழற்றினார். தூக்கிப்போட மனம் வராமல் எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு மாதா. இப்போது என் பிள்ளையையும் கேட்கிறார். கன்றைப் பிடித்தால் மாடு பின்னாலேயே வரும் என்ற கணக்கு எனக்கா தெரியாது?

சந்தேகம் என் தொழிலோடு வந்த குணம் என்று வீட்டுக்காரர் சொல்வார். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களுக்குச் சுங்கக் காகிதங்கள் தயார் செய்யும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காகிதத்தில் ஒன்று இருக்கும், பெட்டியைத் திறந்தால் வேறொன்று இருக்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினால் எங்கள் அலுவலகத்தை இழுத்து மூடவேண்டியதுதான். ஆனால் வேலைக்குச் சேருவதற்கு முன்பும் நான் இப்படித்தான் இருந்தேன் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வார்.

மதத்தைப் பற்றிய பயம்கூட இரண்டாவதுதான். முதல் பயம் பிள்ளையின் நெஞ்சு. அவளுக்குப் பத்து வயது. நடக்கப் பழகிய கொஞ்ச நாளிலேயே இழுப்பு வந்துவிட்டது. மூச்சு இழுக்கும்போது சீழ்க்கை அடிப்பது போல ஒரு சத்தம், கழுத்தெலும்புக்கு மேலே குழி விழும். டாக்டர் நீல நிறப் பம்பு ஒன்று கொடுத்திருக்கிறார். இழுப்பு வரும்போது அதை வாயில் வைத்து அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கடைத்தெருவுக்குக்கூட அவளைக் கூட்டிப்போனதில்லை.

அண்ணியின் சபைக்கு ஒரு தடவை போயிருக்கிறேன், கிறிஸ்துமஸ் சமயத்தில், மரியாதைக்காக. அங்கே ஒருவர் மைக்கைப் பிடித்து, கர்த்தர் தன் சர்க்கரை வியாதியைக் குணமாக்கிவிட்டார் என்றும், மாத்திரையை எல்லாம் கால்வாயில் வீசிவிட்டதாகவும் சாட்சி சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த மனிதர் இப்போது எப்படி இருக்கிறார் என்று பிறகு அண்ணியிடம் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார். எந்த ஊருக்கு என்று கேட்டேன், காபி ஆறுகிறது என்றார். என் பிள்ளைக்கு ஏலகிரியில் இழுப்பு வந்தால் இவர்கள் பம்பைக் கொடுப்பார்களா, தலையில் கை வைத்து ஜெபம் பண்ணிக்கொண்டு நிற்பார்களா? அது ஒன்றுதான் என் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் அனுப்புவதாக இல்லை.

மகளோ போயே தீருவேன் என்று நின்றாள். தெருவில் அவளோடு விளையாடும் பிள்ளைகளில் பாதிப்பேர் போகிறார்கள். வீட்டுக்காரர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். ஊர் ஊராகப் போய் வருகிறவர், பிள்ளை ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லை என்பதில் அவருக்குக் குறை.

"அனுப்புமே. உங்க ஆபீஸ்ல பெட்டிய சோதிக்கிற மாதிரி எல்லாத்தையும் சோதிச்சிகினே கெடந்தா அவ எப்பதான் வெளிய போறது?"

"சோதிச்சிட்டு அனுப்பறேன்" என்றேன்.

பெற்றோர் கூட்டம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சபையின் மாடியில் நடந்தது. முகாமை நடத்துபவர் தெற்கத்திக்காரப் பெண்மணி, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்துக்கு மளிகை மொத்த வியாபாரம். வெள்ளையில் கரை போட்ட புடவை, இறுக்கிப் போட்ட கொண்டை, குரல் உயரவே உயராத பேச்சு. குரல் உயராதவர்களிடம் நான் கூடுதல் ஜாக்கிரதையாக இருப்பேன்.

மற்ற அம்மாக்கள் சாப்பாட்டில் மீன் உண்டா, கம்பளி கொண்டுவரணுமா என்று கேட்டார்கள். நான் எழுந்து, பெண்பிள்ளைகள் அறையில் ராத்திரி யார் படுப்பார்கள், வெளிக்கதவுச் சாவி யாரிடம் இருக்கும், டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், பிள்ளைகளிடம் ஏன் போன் கொடுக்கக்கூடாது என்று வரிசையாகக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி என் புடவையைப் பிடித்து இழுத்தார். டீச்சரம்மா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். அறையில் இரண்டு அக்காமார் படுப்பார்கள், சாவி தன்னிடம் இருக்கும், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, வண்டி ஒன்று எப்போதும் தயாராக நிற்கும். போனில் அம்மா குரலைக் கேட்டால் சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளையும் அழும். அதனால் தினமும் சாயங்காலம் தானே ஒவ்வொரு வீட்டுக்கும் பேசுவார். கேட்ட உடனே பதில் வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முன்பே யாரோ கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவர்கள் ஏன் கேட்டார்கள்?

அப்புறம் அவர் சொன்னது இது. "பையில என்னத்த வைக்கணும்னுதான் எல்லாரும் கேக்கீங்க. பைய கடைசி நாள்ல கட்டிக்கிடலாம். பிள்ளைய இப்பவே தயார் பண்ணுங்க. தானா தலை பின்னிக்கிடப் பழக்குங்க. தன் துணிய தானே அலசட்டும். ஒரு நாள் வேற வீட்டுல தூங்க வைங்க. அழுதான்னு பாதியில கூட்டிட்டு வந்துராதீங்க."

நல்ல யோசனைதான். அவர் சொன்னது நல்ல யோசனையாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். "மருந்து மாத்திரை எல்லாத்துலயும் பேர் எழுதி எங்க கையில குடுத்துரணும். பிள்ளைககிட்ட எதுவும் இருக்கக்கூடாது" என்றார். வந்தது பார் என்று நினைத்துக்கொண்டேன். என் பிள்ளைக்கு இழுப்பு உண்டு, பம்பு அவளிடம்தான் இருக்கவேண்டும் என்றேன். ஒரு பிள்ளையின் மருந்தை இன்னொரு பிள்ளை விளையாட்டாகப் போட்டுக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த விதி, தானே எப்போதும் தோள்பையில் வைத்திருப்பதாகச் சொன்னார். நியாயம்தான். நம்பத்தான் முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, வருகிற வழியில் மருந்துக்கடையில் இறங்கி இரண்டாவது பம்பு ஒன்று வாங்கினேன்.

அடுத்து வந்த வாரங்களில் வீட்டில் முகாம் தொடங்கிவிட்டது. மகள் கண்ணாடி முன்னால் நின்று தானே இரட்டைச் சடை போடப் பழகினாள். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கும். துணி அலசி மாடியில் காயப்போட்டாள். பம்பைக் குலுக்குவது, மூச்சை வெளியே விடுவது, அழுத்துவது, அடக்கிவைப்பது என்று எல்லாவற்றையும் என் உதவியில்லாமல் செய்யப் பழக்கினேன். ராயபுரத்தில் என் தம்பி வீட்டுக்கு ஒரு நாள் தூங்க அனுப்பினோம். அவள் அழவில்லை. நான்தான் விடிந்ததும் விடியாததுமாகப் போய்க் கதவைத் தட்டினேன். தம்பி பொண்டாட்டி பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறந்து, "இன்னா அண்ணி, முகாம் உங்களுக்கா அவளுக்கா?" என்றாள்.

அவளுடைய பாவாடைகளின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு ரகசியப் பை தைத்தேன், இரண்டாவது பம்பு அதில் இருக்கட்டும் என்று. பிறகு அவளை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன்.

"இழுப்பு வந்தா டீச்சராண்ட கேளு. குடுத்தா சரி. குடுக்காம ஜெபம் பண்ணா, நீயும் கண்ண மூடிக்கோ. அப்பால பாத்ரூமுக்குப் போறேன்னுட்டு போய் இத்த போட்டுக்கோ. யார்கிட்டயும் சொல்லாத."

"திருட்டுத்தனம் மாதிரி கீதேமா" என்றாள்.

"உயிரு முக்கியம். மத்தது அப்பால."

கழுத்தில் உத்தரியமும் போட்டுவிட்டேன். மாதா படம் வைத்துத் தைத்த அந்தச் சின்னத் துணிப் பட்டையை யாராவது கழற்றச் சொன்னால் அவர்கள் பேரைக் கேட்டுக்கொண்டு வா என்றும் சொல்லி வைத்தேன். கிளம்பும் காலையில் பேருந்தின் டயர்களைச் சுற்றிப் பார்த்தேன். டிரைவரோடு ஒரு காரணமும் இல்லாமல் பேச்சுக்கொடுத்து வாய் மணக்கிறதா என்று பார்த்தேன். மணக்கத்தான் செய்தது, ஏலக்காய். டீச்சரம்மா பேர் எழுதிய பம்பை வாங்கி என் கண்ணெதிரே தோள்பையில் போட்டுக்கொண்டார். மகள் ஜன்னல் வழியாக ஒரு தடவை கையசைத்துவிட்டு, உள்ளே ஆரம்பித்திருந்த பாட்டுக்குத் திரும்பிக்கொண்டாள்.

டீச்சரம்மா சொன்னபடி தினமும் சாயங்காலம் போன் பண்ணினார். "பிள்ளை நல்லா இருக்கா. நல்லா சாப்பிட்டா." இழுப்பு வந்ததா என்று கேட்பேன். "இல்லம்மா." மறுநாளும் அதே கேள்வி, அதே "இல்லம்மா". எர்ணாவூரில் ஒரு வாரம் இழுப்பில்லாமல் போனதாக எனக்கு ஞாபகமே இல்லை. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி எங்கே போயிற்று? ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், மலையடிவாரத்தில் இருக்கும் ஜோலார்பேட்டைக்கு ரயில் பிடித்து நேரில் போகிறேன் என்று பையை எடுத்தேன். வீட்டுக்காரர் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, நீ அங்கே போய் நின்றால் பிள்ளை இனி உன்னிடம் எதையும் சொல்லாது என்றார். பையைக் கீழே வைத்தேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

பேருந்து திரும்பி வந்தபோது முதலில் கழுத்தைப் பார்த்தேன். உத்தரியம் இருந்தது. முகம் கறுத்து, முழங்காலில் சிராய்ப்போடு, இரண்டு சடையும் ஒரே உயரத்தில் நிற்க இறங்கி வந்தாள். டீச்சரம்மா பம்பை என் கையில் கொடுத்தார். எத்தனை தடவை அழுத்தியிருக்கிறது என்று காட்டும் சின்ன எண் ஒன்று பம்பின் முதுகில் உண்டு. அது நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து ரகசியப் பைகளைத் துழாவி மற்றப் பம்பையும் எடுத்துப் பார்த்தேன். அதுவும் அப்படியே இருந்தது.

"போட வாணாம்னு யாருனா சொன்னாங்களா?"

"இல்லமா. டீச்சரு காலைல சாயங்காலம் ரெண்டு வேளையும் கேட்டாங்க. எனக்குதான் வரல."

"தலைல கை வெச்சி ஜெபம் பண்ணாங்களா?"

"எல்லாருக்குந்தான் பண்ணாங்க." பிறகு அவள் முகம் மலர்ந்தது. "கடைசி நாள் சாட்சி சொல்ற நேரம் இருந்திச்சி. நா மைக்ல சொன்னேன். இயேசப்பா என் இழுப்ப எடுத்துட்டாருன்னு. எல்லாரும் கை தட்னாங்க. அத்தை அழுதுட்டாங்க. வர்ற ஞாயித்துக்கிழம சபைலயும் சொல்லணுமாம்."

மாத்திரையைக் கால்வாயில் வீசியவர் நினைவுக்கு வந்தார். யாரும் அவளிடமிருந்து பம்பைப் பிடுங்கவில்லை, நான் பயந்த எதுவுமே நடக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை. சாயங்காலத்துக்குள் அண்ணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காய்கறிக்காரம்மா கொசுறு கொத்தமல்லியோடு வாழ்த்தும் சொன்னார். பிள்ளையின் சந்தோஷத்தை அன்றைக்கே உடைப்பானேன், கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தேன்.

காற்று அவ்வளவு நாள் பொறுக்கவில்லை. எனக்கு அலுவலகம் விடுமுறையாக இருந்த ஒரு மதியம், கடல்காற்று நின்று, தொழிற்சாலைகள் இருக்கும் எதிர்ப்பக்கத்துக் காற்று வந்தது. எங்கள் தெருவில் அதற்கு யாரும் பேர் வைக்கவில்லை. "கதவச் சாத்து" என்பார்கள், எல்லாருக்கும் புரியும். ஒரு நாள் அழுகிய முட்டை, ஒரு நாள் பெயிண்ட். அன்றைக்குத் தொண்டையில் ஒட்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். மகள் கட்டில் ஓரத்தில், இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, தோள்கள் ஏறி ஏறி இறங்க உட்கார்ந்திருந்தாள்.

பம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல."

கழுத்தில் குழி விழுந்துகொண்டிருந்தது. சீழ்க்கைச் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. கெஞ்சினேன், அதட்டினேன். தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆட்டினாள். உதட்டுக்குள் பம்பைத் திணிக்கப் பார்த்தேன், தட்டிவிட்டாள். அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. என் சத்தம் கேட்டு இரண்டு வீடு தள்ளியிருந்த அண்ணி ஓடி வந்தார். வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தேன்.

"இப்ப ஜெபம் வாணாம் அண்ணி. சொல்லிட்டேன்."

"யாரு இப்ப ஜெபம் பண்ண வந்தாங்க? தள்ளு. பம்பு எங்க?" என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். பம்பைக் குனிந்து எடுத்துக் குலுக்கினார். பிள்ளையின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "வாயத் தொற கண்ணு."

"மாட்டேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "மைக்ல சொன்னேனே அத்தை. இப்ப போட்டா நா பொய்க்காரி. இயேசப்பாவும் பொய்யாயிடுவாரு."

எந்தக் கேள்விக்கும் ஒரு வசனம் கையில் வைத்திருக்கும் அண்ணி பம்பைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். முதல்முறையாக அவர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீ பொய் சொல்லல. அங்க உனக்கு இழுப்பு வரல. அது நெசம். ஏன் வரலன்னு நா சொல்றேன். அங்க காத்து நல்ல காத்து. இங்க காத்து கலீஜு. இங்க இருந்தா வரும். உன் மேலயும் தப்பு இல்ல, சாமி மேலயும் தப்பு இல்ல. வாயத் தொற."

திறந்தாள். அண்ணி அழுத்தினார். அவள் மூச்சை அடக்கி வைத்திருந்தாள், நான் பழக்கிய மாதிரியே. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை. தோள்கள் மெல்ல இறங்கின. அண்ணி புடவைத் தலைப்பால் அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போய் அங்கேயே நின்றுகொண்டார்.

குரல் திரும்பியதும் மகள் கேட்டாள். "இங்க காத்துனாலதான் வருதுன்னு உனுக்கு எப்ப தெரியும்?"

"வேளாங்கண்ணிக்குப் போனோமே, நீ சின்னப் பொண்ணா இருக்கசொல்ல. அங்க உனக்கு இழுப்பே இல்ல. நானும் அப்போ மாதாதான்னு நெனச்சி மெழுகுவத்தி ஏத்தனேன். வூட்டுக்கு வந்த அன்னிக்கே திரும்ப ஆரம்பிச்சிச்சி. அப்பவே தெரியும்."

அவள் சாத்தியிருந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "தெரிஞ்சிகினேவா என்னை இங்க வெச்சிகினு கீற?" என்றாள்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை என்றேன். எனக்கும் இங்கேதான் வேலை. இந்த வீடு அப்பா கட்டிய வீடு. உன் ஸ்கூல், உன் பிரெண்டுங்க, அத்தை, மாமா எல்லாரும் இங்கேதான். நாளைக்கே கிளம்பிப் போய்விட முடியுமா? எல்லாம் உண்மைதான், ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. மகள் என் வாயையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை.